ஊதாப் புள்ளி வைத்த புழுக்கள்

அது கொசுவின் இரத்தம் அல்ல.

இப்போது கையில் அடித்தீர்களே, அந்தச் சிவப்பைச் சொல்கிறேன். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் கொசுவை அடித்துவிட்டு, அதன் இரத்தத்தைப் பார்த்துவிட்டதாகத் திருப்தியோடு கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு பெரிய தவறைச் சுமந்துகொண்டு ஒரு நாகரிகம் எப்படி நடமாடுகிறது என்று நான் பல நாள் கவலைப்பட்டதுண்டு. அது உங்கள் இரத்தம். அல்லது உங்களுக்கு முன்னால் இந்த இருக்கையில் தூங்கிக்கொண்டு வந்தவருடைய இரத்தம். எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. கொசுவின் சொந்த இரத்தத்துக்குச் சிவப்பே கிடையாது. பூச்சிகளின் இரத்தம் பெரும்பாலும் தண்ணீர் மாதிரி, மிஞ்சிப்போனால் வெளிறிய மஞ்சள்.

என் பெயர் குற்றாலலிங்கம். விலங்கியல் பேராசிரியர். உங்கள் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்வீர்கள், அது உங்கள் பெயர்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கிறது. மின்சார வேலை பார்க்கிறவர் என்று நினைக்கிறேன். அல்லது நான் அப்படி நினைக்கவேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இருக்கட்டும். காலடியில் இருக்கும் பெயிண்ட் டப்பாவை மட்டும் உதைத்துவிடாதீர்கள். உள்ளே உயிர்கள் இருக்கின்றன. பாம்பு இல்லை, புழு. மூடியில் துளை போட்டிருக்கிறேன். திருநெல்வேலி போகும்வரை அது என் பார்வையிலேயே இருக்கவேண்டும். வழியில் எங்கும் நிற்காது என்று இந்தப் பேருந்தின் கண்ணாடியில் எழுதியிருக்கிறார்கள். பாவூர்சத்திரத்தில் நிற்கும், பாருங்கள்.

இரத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தென்னையில் காண்டாமிருக வண்டு பார்த்திருப்பீர்கள். மூக்கில் கொம்பு, குருத்தைக் குடைந்து நாசம் செய்யும். அதன் இளமைப் பருவம் எருக்குழியில் கழிகிறது. பெருவிரல் தடிமனில் வெள்ளைப் புழு. பழுப்புத் தலை. சாணிக்குள் பிறந்து, சாணியைத் தின்று, மாதக்கணக்கில் சாணியிலேயே சுருண்டு கிடக்கும். ஒரு சிட்டிகைச் சாணியில் எத்தனை கோடி பாக்டீரியா இருக்கிறது என்று சொன்னால் நீங்கள் இன்று மதியம் சாப்பிடமாட்டீர்கள். அதற்கு நடுவில் கிடக்கும் புழுவுக்குப் புண் இல்லை, சீழ் இல்லை, மருந்துக்கடை இல்லை. ஏன்? ஜெபக்கனியின் ஆராய்ச்சி இதுதான்.

ஜெபக்கனி சாயர்புரத்துப் பெண். ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். கூடவே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய வேலையை அவ்வப்போது பார்த்து, மேலே போகலாம், போகக்கூடாது என்று சொல்ல ஒரு குழு உண்டு. அதில் மூன்று பேர். அவளுடைய வழிகாட்டி தேவசகாயம், பிஸ்கட் தட்டு வரும்போது மட்டும் கண்ணைத் திறக்கும் ஒரு பெரியவர், அப்புறம் நான். தேவசகாயமும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் இரண்டாம் வகுப்பில் தேறினான், நான் முதல் வகுப்பில். இன்று அவன் துறைத்தலைவர். இதைத் தற்செயலாகத்தான் சொல்கிறேன்.

முதல் கூட்டத்துக்கு முன்னால் தேவசகாயம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "வே குத்தாலம், இந்தப் பிள்ளைக்கு இந்தப் பருவத்துக்குள்ள பட்டப் பதிவு உறுதியாயிட்டா அவ காலேஜுல நிரந்தரமாக்கிருவாவ. இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாவ. அப்பா இல்லாத வீடு. கொஞ்சம் பாத்துக் கேளும்" என்றான்.

அப்போதே எனக்கு உறுத்தியது. இவ்வளவு அவசரத் தேவை இருக்கிறவர்களுக்கு முடிவுகள் நன்றாக வரக்கூடாது. வந்தால் சந்தேகப்படவேண்டும்.

முடிவுகள் மிக நன்றாக வந்திருந்தன.

அவள் செய்தது இது. ஒரு நுண்ணிய ஊசியைச் செத்த பாக்டீரியாக் கரைசலில் தோய்த்துப் புழுவின் முதுகில் ஒரு குத்து. அவ்வளவுதான். எதிரி உள்ளே வந்துவிட்டான் என்று புழுவின் உடம்பு நினைத்துக்கொள்கிறது. உடனே சின்னச் சின்னப் புரதங்களைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. புரதம் என்றதும் பருப்பையும் முட்டையையும் நினைக்காதீர்கள். இவற்றில் ஒரு வகை, பாக்டீரியாவின் தோலில் ஓட்டை போடும். உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிப்போய் அது சாகும். இன்னொரு வகை கொல்லாது, பெருகவிடாது. பாக்டீரியா ஒன்று இரண்டாகப் பிரிந்துதானே பெருகும்? பிரிய முடியாமல் நீள நீளமாக வளர்ந்து கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் வைத்தாலும் இவற்றில் பல கெடுவதில்லை. முட்டை வெந்துவிடும், இது வேகாது.

மறுநாள் அந்தப் புழுவிடமிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தட்டில் பாக்டீரியா கலந்து உறையவைத்த கூழில் சின்னக் குழி தோண்டி விடுகிறாள். தட்டை இன்குபேட்டர் என்கிற வெதுவெதுப்பான பெட்டியில் ஓர் இரவு வைத்து எடுத்தால் தட்டு முழுக்கப் பாக்டீரியா வளர்ந்து வெள்ளைப் படலம். அந்தக் குழியைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம். அங்கே ஒன்றும் வளரவில்லை. குத்தாத புழுவின் இரத்தம் விட்ட குழியைச் சுற்றி வளையம் கிடையாது.

வளையங்களைப் பார்த்தேன். நல்ல வட்டம். இயற்கையில் இவ்வளவு வட்டமான பொருள் நிலா ஒன்றுதான். அதுவும் மாதத்தில் ஒரு நாள்.

"குழியில் கொஞ்சம் ஆன்டிபயாடிக் மருந்தை விட்டாலும் இதே வளையம் வரும் அல்லவா?" என்று கேட்டேன். இதற்கு அவள் கலங்கவேண்டும். கலங்கவில்லை.

"வரும் சார். அதனாலதான் புரதத்தச் செரிக்கிற நொதி கலந்து ஒரு தட்டு போட்டேன். மருந்தா இருந்தா நொதி ஒண்ணும் செய்யாது. இதுல வளையம் போயிருச்சு. அப்போ இது புரதம்தான்" என்று இன்னொரு தட்டை நீட்டினாள்.

கேட்பதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருப்பவர்களை என் அனுபவத்தில் இரண்டு இடங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று, வீட்டுத் தரகர்கள். மற்றொன்றை நான் சொல்ல விரும்பவில்லை.

"புழுக்கள் யாருடையவை?" என்றேன்.

"நானே கடையத்துல ஒரு தோப்புல எடுத்தது சார்."

"அதாவது குத்திய புழு, குத்தாத புழு எல்லாம் உன் கையில்தான் இருந்தன."

"ஆமா சார்."

"அடுத்த முறை என் கையில் இருக்கட்டும். என் வீட்டு எருக்குழியில் இருந்து நான் கொண்டுவருகிறேன். பாதியை நீ குத்து. பாதியைத் தொடாதே."

தேவசகாயம் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். நான் காலை எடுக்கவில்லை.

என் எருக்குழியைப் பற்றி ஒரு வார்த்தை. தென்காசிப் பக்கத்தில் இவ்வளவு சுத்தமான எருக்குழி கிடையாது. மாட்டுச்சாணமும் இலைச்சருகும் தவிர வேறு எதுவும் உள்ளே போகாது. மம்பட்டி வைத்துத் தோண்டினால் புழு வெட்டுப்படும் என்று கையாலேயே கிளறினேன். கடைசிப் பருவப் புழுவாகப் பார்த்துப் பொறுக்கினேன்.

கடைசிப் பருவம் எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், நீங்கள் திருநெல்வேலியில் இறங்கிப் போய்விடுவீர்கள்.

நான் கொண்டுபோகும் புழுக்களை அவள் மாற்றிவிட்டால்? அவளுடைய பழைய புழு, மருந்து கொடுத்த புழு, ஏதோ ஒன்றை உள்ளே வைத்துவிட்டால்? எல்லாப் புழுவும் ஒரே மாதிரிதான் இருக்கும். துணி வெளுக்கப் போட்டால் எங்கள் ஊரில் ஓரத்தில் குறி போட்டுத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். சேராங்கொட்டைப் பாலில் சின்னதாக ஒரு குறி. எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. எந்த வீட்டு வேட்டி எந்த வீட்டுக்கு என்று ஒரு நாளும் மாறியதில்லை. அந்த முறையைத்தான் நான் கையாண்டேன். சேராங்கொட்டை புழுவைப் பொசுக்கிவிடும் என்பதால் பேனா மை. என் மனைவி உலகம்மையின் ஊக்கு ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை மையில் தோய்த்து ஒவ்வொரு புழுவின் பின்பக்கத்திலும் ஒரு புள்ளி. புழுவின் பின்பக்கம், உள்ளே இருக்கும் சாணி தெரிந்து கறுப்பாகத்தான் இருக்கும். ஊதாப் புள்ளி வைத்தால் வைத்தவனுக்கு மட்டும்தான் தெரியும். மேலாக வைத்தால் மை எருவில் அழிந்துபோயிற்று. அதனால் கொஞ்சம் ஆழமாகவே இறக்கினேன். சிலவற்றுக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. ஊக்கு எருவுக்குள் விழுந்துவிழுந்து எடுத்ததில் கை எல்லாம் சாணி. தோல் உரித்தால் குறி போய்விடும் அல்லவா? கடைசிப் பருவப் புழு இனிமேல் புழுவாகத் தோல் உரிக்காது. இப்போது புரிகிறதா?

தேவைக்கு மேல் சிலவற்றுக்கும் குறி வைத்தேன். எல்லாவற்றையும் இதே டப்பாவில் எருவோடு போட்டு மறுநாள் கொண்டுபோனேன்.

ஆய்வகத்தில் ஜெபக்கனி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புள்ளியைக் கண்டுபிடித்துவிடுவாளோ என்று நானும் கூடவே குனிந்து பார்த்தேன். ஆனால் புள்ளி அவள் கண்ணில் படவில்லை.

"சார், இதுக்கு எங்கயாவது காயம் பட்டிருக்கா? மம்பட்டி லேசா உரசியிருந்தாக்கூடச் சொல்லிருங்க. சின்னக் கீறல் போதும் சார், அதுல சாணி பட்டா நான் குத்துறதும் அதுவும் ஒண்ணுதான். தொடாத புழுவும் குத்துன புழு மாதிரி ஆயிரும்."

என் இரகசியக் குறியைக் கறந்துவிடுவதற்கு எவ்வளவு நயமாகத் தூண்டில் போடுகிறாள், பாருங்கள்.

"ஒரு கீறலும் கிடையாது. கையால் எடுத்தது" என்றேன்.

"நிச்சயமா சார்?"

"அம்மா, நான் மம்பட்டியே எடுக்கவில்லை."

பாதியைக் குத்தினாள். பாதியைத் தொடவில்லை, நான் பக்கத்திலேயே நின்றேன். மறுநாள் இரத்தம் எடுக்கும் முன் ஒவ்வொரு புழுவின் பின்பக்கத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எல்லாம் என் புழு. ஒன்றும் மாறவில்லை. அவள் அந்த வழியில் போகவில்லை என்றால் வேறு வழியில் போகிறாள் என்று அர்த்தம். தட்டுகளை இன்குபேட்டரில் வைத்ததும் கதவின் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் மீட்டருக்கு ஈயமுத்திரை வைப்பீர்களே, அது போல.

"வே, உள்ள இருக்கது பாக்டீரியாவா, வாக்குப்பெட்டியா?" என்றான் தேவசகாயம்.

காலையில் முத்திரை அப்படியே இருந்தது. திறந்தோம். குத்திய புழுவின் இரத்தத்துக்கு வளையம். தொடாத புழுவின் இரத்தத்துக்கும் வளையம். ஏறக்குறைய அதே அளவு. வெறும் உப்புநீர் விட்ட குழியைச் சுற்றி மட்டும் வளையம் இல்லை.

ஜெபக்கனி தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொரு தட்டை எடுத்துப் பார்த்தாள். முகத்தில் இரத்தம் இல்லை. "இது எப்படி சார்?" என்றாள்.

"அதைத்தான் நானும் கேட்கிறேன்."

"தொடாத புழுவுக்கு வரவே கூடாது சார்."

"வரக்கூடாது என்று எனக்கும் தெரியும். அதாவது இரத்தத்தில் எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன் குழிகளில் வளையம் வருகிறது."

"அப்ப உப்புநீர்க் குழில ஏன் சார் வரல?"

அவசரத்தில் அந்தக் குழியில் மருந்து ஊற்ற மறந்திருப்பாள். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கும் நாகரிகம் உண்டு. அவள் அங்கேயே நின்று, என் தொடாத புழுக்களின் மீதி இரத்தத்தில் நொதியைக் கலந்து மறுபடி தட்டுப் போட்டாள். மறுநாள் காலை பார்த்தபோது அதில் வளையம் வரவில்லை. "சார், இது மருந்து இல்ல. உங்க புழுவே செஞ்ச புரதம்" என்றாள். எவ்வளவு தேர்ந்த கை என்று நினைத்துக்கொண்டேன்.

தேவசகாயம் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். "வே, உம்ம குழில ஏதோ சீக்கு இருக்கு வே. புழு ஏற்கெனவே அடிபட்டு வந்திருக்கு. வேற எடத்துல எடுத்து இன்னொரு தடவ பாப்போம்."

என் எருக்குழியில் சீக்கா? முப்பது வருஷப் பழக்கத்தில் ஒருவன் இப்படிச் சொல்லலாமா? உள்ளே போய், முடிவுகள் நம்பத்தக்கவையாக இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரியவரும் போட்டார். அவருக்கு அன்றைக்கு முந்திரி பிஸ்கட். பதிவு உறுதியாகவில்லை. தலைப்பை மாற்றி முதலிலிருந்து வரலாம் என்று சொல்லியாயிற்று. முதலிலிருந்து என்றால் அந்தக் கல்லூரி வேலை போய்விடும். வருத்தம்தான். ஆனால் அறிவியல் என்று ஒன்று இருக்கிறதே.

பாவூர்சத்திரம். நான் சொன்னேன் அல்லவா? நிறுத்திவிட்டார்.

இத்தோடு முடிந்திருக்கவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் என் வீட்டுக்கு ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். வாசலில் நின்றுகொண்டே, "சார், உங்க குழிலேர்ந்து கொஞ்சம் புழு மட்டும் எடுத்துக்கிடட்டா? அந்தக் குழிப் புழு எல்லாத்துக்கும் இப்படி வருதான்னு பாக்கணும். குழு வேண்டாம்னாலும் பரவால்ல, எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள்.

என் குழியில் புகுந்து எதையாவது கலந்துவிட்டுப் போனால்? "முடியாது" என்றேன்.

உலகம்மை காபியோடு வந்தாள். "புழுதானே, குடுங்களேன். தங்கம் கேக்குறாப்புல மொகத்த வச்சிருக்கீங்க" என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம், ஊரில் வேறு ஆளே இல்லாதது போல, என்னைப் பற்றி ஆரம்பித்தாள். "இந்தச் சேலையப் பாரும்மா. தோள்பட்டைல ஊதாப் பொட்டு. எல்லாம் இவங்களாலதான். என் ஊக்க எடுத்துக்கிட்டுப் போயி எருக்குழி ஓரமா உக்காந்து பொழுதுக்கும் என்னமோ பண்ணிக்கிட்டு இருந்தாங்க. மையும் சாணியுமா அப்படியே கொண்டாந்து அலமாரில போட்டுட்டாங்க. நானும் பாக்காமக் குத்திட்டேன். ஊரெல்லாம் சந்தேகப்படுற மனுசனுக்கு ஒரு ஊக்கக் கழுவி வைக்கத் தெரியல."

ஜெபக்கனி காபியைக் கீழே வைத்தாள். சேலையில் இருந்த பொட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் ஒரு பேராசிரியரை யாரும் பார்க்கக்கூடாது.

"சார், அந்த ஊக்கு..." என்று தொடங்கினாள்.

"ஊக்கு குடும்ப விஷயம்" என்றேன்.

அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். எதற்கென்று தெரியவில்லை, உலகம்மையின் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். காபி முக்கால் டம்ளர் அப்படியே இருந்தது.

நேற்று தேவசகாயத்திடமிருந்து போன். "வே, நாளைக்குக் குழு திரும்பக் கூடுது. அன்னைக்குக் கொண்டாந்ததுல மிச்சப் புழு கெடந்தாக் கொண்டாரும். வீட்டம்மா ஊக்கையும் எடுத்துக்கிடும். கழுவிராதேயும்." ஏன் என்று கேட்டேன். சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் வகுப்பறை நாளிலிருந்தே அறிவேன். என் திட்டம் என்னவென்றால், இல்லை, அவர்கள் திட்டம் என்னவென்று நான் நினைக்கிறேன் என்றால், மனைவிக்குத் தெரியாமல் ஊக்கை எடுத்தவன் என்று நிரூபித்து என் நாணயத்தைக் கெடுக்கப் பார்க்கிறார்கள். ஊக்கு இதோ, பையில்தான் இருக்கிறது. ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

என்ன கேட்கிறீர்கள்? ஊக்கால் குத்தினால் அது காயம் ஆகாதா என்றா?

ஐயா, அது குறி. காயம் என்பது வேறு. நீங்கள் மீட்டருக்கு முத்திரை வைக்கிறீர்கள். மீட்டருக்குக் காயம் பட்டுவிட்டது என்று யாராவது சொல்வார்களா? மீட்டருக்கு உயிர் இல்லை என்கிறீர்கள். சரி. அது பற்றி இப்போது பேசவேண்டாம். உங்களை அந்தப் பெண் அனுப்பவில்லை என்று நம்புகிறேன். ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள், தூறல் விழுகிறது.

மழை என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த வாரம் அங்கே நல்ல மழை. எருக்குழியில் தண்ணீர் தேங்கிவிட்டது. நேற்று மாலை மிச்சப் புழுக்களை எடுக்கப் போனேன். அன்றைக்கு ஆய்வகத்தில் வேலை முடிந்து வந்ததும், கூடுதலாகக் குறி வைத்தவற்றை மறுபடி குழியிலேயே விட்டிருந்தேன். கிளறினால் ஒரே நாற்றம். புழுவெல்லாம் கறுத்து, தொட்டால் கூழாகக் கரைந்தது. அடிவரை கிளறினேன். ஊதாப் புள்ளி வைத்தவை மட்டும் உயிரோடு இருந்தன. அவற்றைத்தான் இந்த டப்பாவில் கொண்டுபோகிறேன்.